சுவர் முன் நிற்கும் சரியான முறை

மூன்றே மூன்று சொற்களை வைத்துக்கொண்டு ஒரு முழு ஆயுளையும் ஓட்டிவிடக்கூடிய இனம் ஒன்று நம்மிடையே இருக்கிறது. "இப்படி இல்ல, இப்படி." அவ்வளவுதான் அவர்களுடைய அகராதி. நீங்கள் மழையில் குடையை விரித்துக்கொண்டிருப்பீர்கள், பக்கத்திலிருந்து அந்தக் குரல் வரும். பூட்டில் சாவியைத் திருப்பிக்கொண்டிருப்பீர்கள், வரும். கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருப்பீர்கள், அது உங்கள் குழந்தை, அதிலும் நான்காவது குழந்தை, அதற்கு முந்தைய மூன்றும் நன்றாக வளர்ந்து இப்போது உங்களையே எதிர்த்துப் பேசிக்கொண்டிருக்கின்றன, அப்போதும் வரும். இவர்கள் கெட்டவர்களா என்றால் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் ஒதுங்கிப் போய்விடலாமே. நல்லவர்கள். இன்றைக்கு யாருக்காவது உதவி செய்யாமல் வீடு திரும்புவதில்லை என்று முடிவெடுத்து, சட்டை மாட்டிக்கொண்டு, வெளியே கிளம்பியவர்கள்.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். கைகள் முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கும். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். நாக்கு மேலண்ணத்தில் தட்டி "ச்சு" என்று ஓர் ஒலி எழும். அந்த ஒலி கேட்டதும் ஓடிவிட்டால் பிழைத்தீர்கள். "என்னங்க?" என்று திரும்பினீர்களோ, தீர்ந்தது.

நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். கடையின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி; எதிரே நகரச் சதுக்கம். நாள் முழுவதும் மற்றவர்கள் பார்வையைச் சோதிப்பது போக மிச்ச நேரத்தில் என் பார்வைக்கு வேலை சதுக்கம்தான். ஆகவே இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ஒன்றை, தொடர்ந்து நான்கு மாதம், பதினைந்து அடி தூரத்திலிருந்து கவனிக்கும் பேறு எனக்குக் கிடைத்தது. அவரை நாம் தேர்வாளர் என்று அழைப்போம்.

ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களுக்குத் தேர்வு வைக்கும் வேலையில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வேலையில் அவர் உட்காரும் பக்கம் தனியாக ஒரு பிரேக் இருக்கும். முப்பத்திரண்டு வருடம் அதை மிதித்து மிதித்து, இப்போதும் பேருந்தில் போனால், ஓட்டுநருக்கு ஆறு வரிசை பின்னால் உட்கார்ந்துகொண்டு, வளைவுக்கு வளைவு வலது காலால் தரையை அழுத்துவார். ஊரில் பாதிப் பேரைத் தோற்கடித்தவர் என்று அவரைப் பற்றிப் பேச்சு. தன் மனைவியை மட்டும் அவர் தேர்வில் தோற்கடிக்கவில்லை. தேர்வு வரைக்கும் போக விட்டால்தானே? வீட்டு வாசலிலேயே, வண்டியில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்த விதத்திலேயே, தோற்கடித்துவிட்டார்.

இனி சுவருக்கு வருகிறேன்.

சதுக்கத்தின் ஓரத்தில் நூலகம். அதன் பக்கச் சுவர் மூன்று மாடி உயரத்துக்கு மொட்டையாக, ஒரு ஜன்னல்கூட இல்லாமல், யாரோ எழுத மறந்த பக்கம்போல வெகுநாள் கிடந்தது. போன வருடம் ஒரு பெண் கலைஞர் வந்து அந்தச் சுவர் முழுக்க ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன விளக்குகளைப் பொருத்தினார். கீழே ஒரு கறுப்புக் கண்ணாடிப் பட்டை, அதற்குள் கேமரா. முன்னால் இருக்கும் கல்தரையில் நீங்கள் போய் நின்றால், அந்தக் கேமரா உங்களைப் பார்க்கும், உங்கள் அசைவைச் சுவர் ஒளியாக்கிக் காட்டும். கண்ணாடி மாதிரி அப்படியே காட்டாது. நீங்கள் கையை வீசினால் அது நீர்த்திவலையாகச் சிதறும். குதித்தால் மீன்கூட்டமாகக் கலையும். அசையாமல் நின்றால் மணல் மாதிரி மெல்லச் சரிந்து இறங்கும். ஒருமுறை வந்தது அநேகமாக மறுமுறை வராது. செய்முறை எதுவும் எழுதி வைக்கவில்லை. ஓரத்தில் ஒரு சிறிய பலகை மட்டும்: "நில்லுங்கள். பிறகு உங்கள் இஷ்டம்."

முதல் இரண்டு வாரம் நான் வியாபாரத்தைச் சரியாகக் கவனிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தபால்காரம்மா பையோடு ஒரு சுற்று சுற்றினார். சுவர் முழுக்கச் சுழல் காற்று. சுவர் இருப்பதையே கவனிக்காமல் ஒரு கணவனும் மனைவியும் அதன் முன்னால் நின்று சண்டை போட்டார்கள். அவர்கள் தலைக்கு மேலே முப்பதடி உயரத்தில் இரண்டு நெருப்புக் கொழுந்துகள் ஒன்றையொன்று குத்திக்கொண்டிருந்தன. கைதட்டல் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தார்கள். கழுத்தில் டை கட்டிய ஓர் அலுவலகக்காரர் இரண்டு பக்கமும் பார்த்தார், பையைக் கீழே வைத்தார், தவளை மாதிரி மூன்று முறை தாவினார், பையை எடுத்துக்கொண்டு ஒன்றுமே நடக்காததுபோல் போய்விட்டார்.

மூன்றாவது வாரம் தேர்வாளர் வந்தார்.

வந்தவர் முதலில் பலகையைப் படித்தார். "உங்கள் இஷ்டம்" என்ற இடத்தில் "ச்சு" என்றார். பாதி நிரப்பிய விண்ணப்பத்தைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தார். மூன்று நாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று, வந்து போகிறவர்களை எல்லாம் கவனித்தார். நான்காம் நாள், யாரோ ஒருவர் செய்ததைப் பார்த்து, கண்டுபிடித்துவிட்டார். சுவரிலிருந்து நான்காவது கல்லில், கால்களைச் சேர்த்து நின்று, இரண்டு கைகளையும் ஒரே சீராக, பத்து எண்ணுவதற்குள் தலைக்கு மேல் கொண்டுபோனால், சுவரில் ஒரு மரம் எழும். வேர் முதல் நுனி வரை கிளை கிளையாக விரியும் வெள்ளை மரம். அழகான மரம்தான். அதை மறுக்க மாட்டேன். வயலின் வாசிக்கத் தெரியாத ஒருவர் தற்செயலாக ஒரு நல்ல சுரத்தை எழுப்பிவிடுவதில்லையா? அதன் பிறகு அவர் நாள் முழுவதும் அந்த ஒரே சுரத்தை வாசித்தால் என்ன ஆகும்?

அதுதான் ஆயிற்று. மறுநாள் நான்காவது கல்லில் சாக்கட்டியால் ஒரு கோடு விழுந்தது. அதற்கு மறுநாள் வரிசை. தினமும் மாலை நான்கு மணிக்கு வந்துவிடுவார். சுவருக்கு முதுகைக் காட்டி, வரிசையைப் பார்த்து நிற்பார். "கோட்டுல நில்லுங்க. கால் சேத்து வைங்க. மெதுவா. மெதுவான்னா மெதுவா." சரியாக வந்தால் தலையாட்டி அடுத்தவரைக் கூப்பிடுவார். சரியாக வராவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போகச் சொல்வார். ஜனங்கள் போனார்கள். இதுதான் வேடிக்கை. ஒருவர்கூட "நீங்க யாரு?" என்று கேட்கவில்லை. இஷ்டம்போல் இருங்கள் என்று சொன்னால் நமக்குக் கை எங்கே வைப்பது என்று தெரியாமல் போகிறது. கோடு போட்டுக் கொடுத்தால் நிம்மதியாக இருக்கிறது. ஒருநாள் நானே கடையைச் சாத்திவிட்டுப் போய் வரிசையில் நின்றேன். கையைத் தூக்கினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பரவால்ல" என்றார். அன்று மாலை முழுவதும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை வெட்கத்தோடு இங்கே பதிவு செய்கிறேன்.

அவருடைய மனைவியும் கூடவே வருவார். சிறிய உருவம், அதிகம் பேசாதவர். எட்டு மாதமாக அவருக்கு வலது தோள் இறுகிப்போயிருந்தது. கை மார்பு வரைக்கும் வரும், அதற்கு மேல் போகாது. வரிசை ஆரம்பித்த முதல் வாரத்தில் அவரும் ஒருநாள் கோட்டில் நின்றார். இடது கை மேலே போயிற்று, வலது கை பாதியில் நின்றது. சுவரில் ஒரு பக்கம் மட்டும் கிளை விட்ட மரம் ஒன்று, காற்றடிப்பதுபோலச் சாய்ந்து எழுந்தது.

"நீ வேணாம்மா," என்றார் தேர்வாளர், தலையை மட்டும் திருப்பிச் சுவரைப் பார்த்துவிட்டு, இருபது பேர் பார்க்க. "மரம் கோணலா வருது. நீ பெஞ்சுல உக்காரு."

அந்த அம்மாள் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். அடுத்த இரண்டு மாதமும், தினம் மாலை, கணவரின் குடையையும் தண்ணீர் பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக் காம்பின் திருகு தளர்ந்துவிட்டது என்று ஒருநாள் என் கடைக்கு வந்தார். நான் திருகை முடுக்கிக்கொண்டிருக்கும்போது, பேச்சோடு பேச்சாக, பிசியோதெரபியில் சொல்லிக்கொடுத்த பயிற்சியைக்கூட இப்போதெல்லாம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்கிறேன் என்று சொன்னார். வெளியே செய்தால், அதற்கும் அவர் சரியான முறை வைத்திருக்கிறாராம். பிறகு முடுக்கிய கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, "அந்தக் கோண மரம் எனக்குப் பிடிச்சிருந்துச்சு," என்றார்.

இரண்டாம் மாதக் கடைசியில் சுவருக்கு ஏதோ ஆகிவிட்டது. யார் எதைச் செய்தாலும் மரம் வந்தது. குதித்தால் மரம். ஓடினால் மரம். ஒரு நாய் குறுக்கே போயிற்று. அதற்கும் ஒரு சிறிய மரம். ஒருமுறை பார்த்தவர்கள் மறுமுறை வரவில்லை. வரிசை இருபதிலிருந்து எட்டாகி, எட்டிலிருந்து மூன்றாகி, கடைசியில் தேர்வாளரும், வழி கேட்க வந்து மாட்டிக்கொண்ட வெளியூர்க்காரர் ஒருவரும் மட்டும் நின்றார்கள். கூட்டம் குறைந்தது ஏன் என்று தேர்வாளரைக் கேட்டேன். ஜனங்களுக்குப் பொறுமை இல்லை என்றார். மாத முடிவில் சுவரின் விளக்குகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இருசக்கர வாகனங்கள் நிறுத்த ஏற்பாடு செய்யப்போவதாக நகராட்சி ஓர் அறிவிப்பு ஒட்டியது. அந்த அறிவிப்பு சற்றுக் கோணலாக ஒட்டப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் தேர்வாளர் கவனித்துச் சொன்னார்.

கலைஞர் ஓடிவந்தார். ஒருநாள் முழுவதும் சுவரின் அடிக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வயராகச் சோதித்தார். பழுது எதுவும் இல்லை. கேமராக் கண்ணைத் துடைக்க நல்ல துணி வேண்டும் என்று என் கடைக்கு வந்தபோது முகம் வாடியிருந்தது. சுவருக்கு என்ன கோளாறு என்று விசாரித்தேன்.

அது பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் சுவராம். முன்னால் நிற்பவர்கள் எதை அதிகமாகச் செய்கிறார்களோ அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளுமாம். இரண்டு மாதமாக ஊர் முழுக்க ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறது. "மனுஷங்கன்னா நாலாவது கல்லுல நின்னு ரெண்டு கையையும் மெதுவா தூக்குறவங்கன்னு அது முடிவு பண்ணிடுச்சுங்க," என்றார்.

நான் கண்ணாடி வழியாகத் தேர்வாளரைக் காட்டினேன்.

கலைஞர் போனார். தான் யார் என்று சொல்லவில்லை. வரிசையில் ஆளே இல்லாததால் நேரே கோட்டில் போய் நின்றார். தேர்வாளர் உற்சாகமாகிவிட்டார். காலைச் சேர்க்கச் சொன்னார், தோளைத் தளர்த்தச் சொன்னார், எண்ணச் சொன்னார். அந்தச் சுவரைக் கனவில் கண்டு, வரைந்து, ஒவ்வொரு விளக்காகப் பொருத்திய பெண், சொன்னபடியெல்லாம் கையைத் தூக்கினார். தேர்வாளர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "கொஞ்சம் அவசரப்படுறீங்க. நாளைக்கு வாங்க, வந்துடும்."

திரும்பி வந்த கலைஞரிடம், நீங்கள் யார் என்று சொல்லி அவரை அனுப்பிவிட வேண்டியதுதானே என்று கேட்டேன். சுவரின் நினைவை அழித்துவிட முடியாதா என்றும் கேட்டேன். அழிக்கலாமாம். ஆனால் அதே ஆள் அதே இடத்தில் நின்றால் அது மறுபடியும் அதையேதானே கற்றுக்கொள்ளும்? ஆளை அனுப்புவதற்கோ அவருக்கு மனம் வரவில்லை. "உங்கள் இஷ்டம்னு எழுதி வச்சதே நான்தான். அவர் இஷ்டம் இது. நான் எந்த வாயால வேணாம்னு சொல்றது?" துணியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்துத் தேர்வாளரின் மனைவி மறுபடி வந்தார். திருகு தளர்ந்துவிட்டது என்றார். தளரவில்லை. நானும் முடுக்குவதுபோல் பாவனை செய்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். வேறு ஏதாவது செய்து காட்டினால் அது பழையதை மறந்துவிடுமா என்று. எனக்குத் தெரியாது என்றேன்.

அடுத்த வியாழக்கிழமை தேர்வாளருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கும் நாள். பல் மருத்துவர் என் கடைக்கு இரண்டு கடை தள்ளி. கூட வருவதாக இருந்த மனைவி, அன்று காலை தோள் வலிக்கிறது என்று சொல்லிவிட்டாராம். தேர்வாளர் தனியாகக் குடையோடு வந்து உள்ளே போனார். ஊசியை எங்கே போட வேண்டும் என்று மருத்துவரிடம் அவர் சொல்லாமல் இருந்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது.

பதினொரு மணிக்கு அந்த அம்மாள் சதுக்கத்துக்கு வந்தார். சாக்கட்டிக் கோட்டைத் தாண்டி, ஒரு மூலையில், சுவருக்கு வெகு அருகில் போய் நின்றார். மரம் வந்தது. அவர் இடது கையை முழங்காலில் ஊன்றி இடுப்பை வளைத்தார். வலது கையைத் தொங்கவிட்டார். தொங்குகிற கையை மெல்ல ஆட்டினார், முன்னும் பின்னும், பிறகு வட்டமாக. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்துவந்த பயிற்சி அது. சதுக்கத்தின் நடுவில் ஒரு வயதான பெண்மணி குனிந்துகொண்டு கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது பார்ப்பதற்கு எப்படி இருக்கும்? விழுந்த காசைத் தேடுகிறாரோ என்றுதான் இரண்டு பேர் கிட்டே போனார்கள்.

சுவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. மரம், மறுபடி மரம், மறுபடியும் மரம். கால் மணி நேரம் போயிற்று. அம்மாள் நிறுத்தவில்லை. நிமிர்ந்து மூச்சு வாங்குவார், மறுபடி குனிவார். பிறகு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மரத்தின் அடி அசைந்தது. விழப்போகும் பல்லைப் போல ஆடியது. கிளைகள் ஒவ்வொன்றாகக் கழன்று, வெள்ளை ஒளி முழுவதும் ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் தளும்புவதுபோல் சுவரின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக அலைந்தது, பச்சையானது, நீலமானது. நான் கடையில் ஒருவரின் இடது கண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அவரையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கூட்டம் சேர்ந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே வந்த டை கட்டியவர் பையை வைத்துவிட்டுத் தானும் குனிந்து கையை ஆட்டினார். தபால்காரம்மா பையையே ஆட்டினார். வரிசை இல்லை, கோட்டைச் செருப்புகள் அழித்துக்கொண்டிருந்தன.

அப்போது தேர்வாளர் பல் மருத்துவரிடமிருந்து வெளியே வந்தார். ஒரு பக்கக் கன்னம் முழுக்கப் பஞ்சு, பாதி முகம் மரத்துப்போயிருந்தது, ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. சதுக்கத்தைப் பார்த்தார். வேகமாக வந்தார். உலகத்தில் தவறு என்று ஒன்று இருக்குமானால் அத்தனையும் அங்கே ஒரே சமயத்தில் நடந்துகொண்டிருந்தது. அவரிடமோ அந்த மூன்று சொற்களும் இல்லை. வாயைத் திறந்தார். "இப்வ்வ்" என்று ஏதோ வந்தது, கூடவே எச்சிலும். குடையை உயர்த்தி நான்காவது கல்லைக் காட்டினார். ஆட்டி ஆட்டிக் காட்டினார். ஜனங்கள் அவரும் விளையாட வந்திருக்கிறார் என்று நினைத்து மரியாதையாக வழிவிட்டார்கள். நடுவில் அவர் மட்டும் நின்றார்.

சுவரில் ஒன்று எழுந்தது. ஆரஞ்சு நிறத்தில், மூன்று மாடி உயரத்துக்கு, முள் முள்ளாக, மேலும் கீழும் அடித்துக்கொள்ளும் ஒன்று. கோபமான பூசணிக்காய்க்கு வால் முளைத்தால் அப்படித்தான் இருக்கும். கூட்டம் கைதட்டியது. எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று பார்க்கத் தேர்வாளர் திரும்பினார்.

அவர் அதுவரை ஒருநாள்கூடச் சுவரை நோக்கி அதன் முன் நின்றதில்லை. இத்தனை மாதமும் அதற்கு முதுகைக் காட்டியே நின்றவர். குடையைத் தாழ்த்தினார், அது தாழ்ந்தது. உயர்த்தினார், அது சிலிர்த்துக்கொண்டு உயர்ந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். முப்பதடிப் பூசணிக்காயும் சாய்ந்தது. வெகுநேரம் அசையாமல் நின்றார். ஆரஞ்சு நிறம் மெல்ல மெல்ல உதிர்ந்து மணலாக இறங்கியது. அவர் கண் கலங்கியிருந்தது. பல் வலி என்று வைத்துக்கொள்வோம்.

மனைவி வந்து பக்கத்தில் நின்றார். அவர் ஏதோ சொல்ல முயன்றார்.

"நல்லா இருக்குங்க," என்றார் அந்த அம்மாள். "பேசாம இருங்க, பஞ்சு விழுந்துடும்."

அதன் பிறகு நடந்தது சுருக்கம். அந்தக் கூட்டம் மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. சுவர் மூன்று வாரத்தில் மரத்தை அநேகமாக மறந்தது. நகராட்சி அறிவிப்பைக் கிழித்துவிட்டு இன்னும் ஒரு வருடம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டது. அந்த அம்மாளின் கை இப்போது காது வரைக்கும் போகிறது. கணவரின் குடையை அவர் இப்போது தூக்கி வருவதில்லை.

தேர்வாளர்? இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. வலி போன மூன்றாம் நாள் பழைய இடத்தில் வந்து நின்றார். புதிதாக வந்த ஒருவரிடம், "எப்படி வேணாலும் செய்யலாங்க," என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. வந்தவர் பழைய கூட்டத்தைப் பார்த்திருப்பார்போல. கால்களைச் சேர்த்து நின்று இரண்டு கைகளையும் மெதுவாகத் தூக்கினார்.

"ச்சு. அப்படி இல்லங்க. எப்படி வேணாலும்னா, எப்படி வேணாலும். நீங்க பண்றது பழைய முறை."

மருந்து கிடையாது. நான் விசாரித்துவிட்டேன்.

நல்லவேளை, நாம் அந்த இனம் இல்லை என்று நீங்கள் இந்நேரம் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். சந்தோஷம். ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் கேட்டுவிடுகிறேன். போன வாரம் ஒரு லிஃப்டுக்காகக் காத்திருந்தீர்கள். உங்களுக்கு முன்பே ஒருவர் வந்து நின்றிருந்தார். அவர் பொத்தானை அழுத்தியிருந்தார், அதில் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது, நீங்களும் அதைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, கையை நீட்டி, அதே பொத்தானை நீங்கள் இன்னொரு முறை அழுத்தினீர்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது வேறு விஷயம். அவர் அழுத்தியதில் அப்படி என்ன குறை கண்டீர்கள்?